வேகவாசிப்பு வகுப்பா, செல்போன் ஆப்பா, எளிய கதைப்புத்தகமா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குள் நுழைந்தவர்களும் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "படிக்க வேண்டியது மலைபோல் கிடக்கிறது. வேகமாகவும் படிக்க வேண்டும், புரியவும் வேண்டும். எதில் சேரலாம்?"

வழிகளுக்குக் குறைவில்லை. நிமிடத்துக்கு ஆயிரம் சொல் என்று விளம்பரம் செய்யும் வார இறுதி வகுப்புகள் உண்டு. சொற்களை ஒவ்வொன்றாகத் திரையில் மின்னவிடும் ஆப்கள் உண்டு. பாடப்புத்தகத்தை எந்த வரிசையில் அணுகுவது என்று சொல்லித்தரும் பழைய படிப்புமுறைகள் உண்டு. ஒலிப்புத்தகத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். யாரும் விளம்பரம் செய்யாத ஒரு வழியும் இருக்கிறது: நம் தரத்துக்குச் சற்றே கீழே உள்ள புத்தகங்களாகப் பார்த்து நிறையப் படித்துத் தள்ளுவது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குக் கடைசியாகச் சொன்னதுதான் பலன் தரும். தேர்வு நெருங்கிவிட்டவர் படிப்புமுறைப் பக்கம் போகலாம். வகுப்புக்குக் காசு கட்டும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். காரணம் நம் கண்ணிலும் மொழியிலும் இருக்கிறது.

கண் என்ன செய்கிறது

படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாகத் தோன்றும். உண்மையில் அது தாவித் தாவிப் போகிறது. 1870களின் இறுதியில் பாரிஸில் எமில் ழவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வகத்திலேயே இதைக் கவனித்துவிட்டார்கள். ஓரிடத்தில் ஏறக்குறைய கால் நொடி நிற்கும், பிறகு ஒரு தாவல், மறுபடி ஒரு நிறுத்தம். நிற்கும்போதுதான் எழுத்து உள்ளே போகிறது. அப்போதும் கூர்மையாகத் தெரிகிற இடம் மிகச் சிறியது: கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு அகலமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆங்கிலம் படிப்பவரின் கண், நிற்கும் புள்ளிக்கு வலப்பக்கம் 14, 15 எழுத்து வரை ஏதோ ஒரு தகவலைப் பிடிக்கும். ஆனால் சொல் இன்னதென்று தெரிவது அதில் பாதித் தூரம்வரைதான். இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்தோடு சரி. கூர்மையாகத் தெரியும் இடம் இவ்வளவு சிறிதாக இருப்பது விழித்திரையின் அமைப்பு. எந்தப் பயிற்சியும் அதை அகலமாக்காது.

அப்படியானால் சாதாரண வேகம் எவ்வளவு? ஆங்கில வாசிப்பைப் பற்றிய 190 ஆய்வுகளைத் தொகுத்து மார்க் பிரிஸ்பார்ட் 2019இல் ஒரு கணக்குக் கொடுத்தார். வளர்ந்தவர்கள் மனத்துக்குள் படிக்கும்போது கட்டுரை வகை எழுத்தில் நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொற்கள், கதையில் 260. நாம் நினைத்துக்கொண்டிருப்பதைவிடக் குறைவுதான். 'நான் வெறும் இருநூறுதான் படிக்கிறேன்' என்று நொந்துகொள்கிறவர் பெரும்பாலும் ஊரோடு ஒத்தே போகிறார்.

தமிழுக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்திவிட முடியாது. 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஐந்தாறு சொற்கள் வேண்டும். 2012இல் 17 மொழிகளில் ஒரே மாதிரிப் பத்திகளை வாசிக்கவைத்து அளந்தபோது ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 228 சொற்கள் வந்தன. நம்மைப்போலவே விகுதிகளை அடுக்கும் பின்னிஷ் மொழியில் 161தான். பின்லாந்துக்காரர்கள் மந்தமானவர்கள் என்று இதற்கு யாரும் பொருள் சொல்லவில்லை. அதனால் தமிழில் உங்கள் வேகத்தை அளக்க நினைத்தால் சொல்லை எண்ணாதீர்கள், பக்கத்தை எண்ணுங்கள்.

வகுப்பு

இன்றைய வேகவாசிப்பு வகுப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலம், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பள்ளி ஆசிரியை எவலின் வுட் 1959இல் தொடங்கிய பயிற்சி நிறுவனம்தான். பக்கத்தின் மேல் விரலை ஓட்டிக் கண்ணை அதன் பின்னால் இழுத்துச் செல்வது, திரும்பிப் பார்க்காமல் படிப்பது, மனத்துக்குள் உச்சரிப்பதை நிறுத்துவது என்பவை அதன் அடிப்படை. கென்னடி காலத்தில் வெள்ளை மாளிகை ஊழியர்கள் இதைப் படித்தார்கள். 1977இல் அதிபர் கார்ட்டரே படித்தார். பெரிய இடத்துப் பெயர்கள் ஒட்டிக்கொண்டால் சரக்குக்கு விலை ஏறுவது உலக வழக்கம்.

இந்த வகுப்பில் தேறியவர்களைக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மார்சல் ஜஸ்ட், பாட்ரீசியா கார்ப்பென்டர் குழுவினர் 1980களில் சோதித்துப் பார்த்தார்கள். பக்கத்திலேயே இன்னொரு கூட்டத்தையும் உட்காரவைத்தார்கள். இவர்கள் எந்தப் பயிற்சியும் பெறாதவர்கள். சும்மா மேலோட்டமாகப் பார்த்துப் போகும்படி சொல்லப்பட்டவர்கள். தேறியவர்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 சொல் வேகத்தில் போனார்கள், மேய்ந்தவர்கள் 600. எளிய பத்தியின் சாரத்தைக் கேட்டால் இரு கூட்டமும் சமாளித்தது. கடினமான பத்தி என்றாலும், விவரம் கேட்டாலும், வழக்கமான வேகத்தில் படித்த மூன்றாவது கூட்டம்தான் முன்னால் நின்றது. கண்ணசைவையும் பதிவு செய்ததில் இன்னொன்று தெரிந்தது: கண் நிற்காமல் தாண்டிப்போன இடத்தில் இருந்த விவரத்தை வேகவாசகர்களால் சொல்ல முடியவில்லை. ஓரக்கண்ணால் பக்கத்தை அள்ளலாம் என்பது அங்கேயே அடிபட்டுவிட்டது.

உச்சரிப்பை நிறுத்தச் சொல்வது எனக்கு இன்னும் உறுத்துகிறது. மனத்துக்குள் ஒலிக்கும் அந்தக் குரல் வாக்கியத்தின் முன்பாதியை நினைவில் பிடித்துவைக்க உதவுகிறது. வாயால் வேறு எதையாவது சொல்லிக்கொண்டே படிக்கவைத்த சோதனைகளில் தனிச்சொல் புரிந்தது, வாக்கியங்களைக் கோத்துப் புரிந்துகொள்வது தடுமாறியது. வினை கடைசியில் வருகிற மொழியில் இது எவ்வளவு பெரிய சங்கடம் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பில் உருப்படியான விஷயமே இல்லையா என்றால், உண்டு. கவனம் சிதறாமல் உட்காரவைக்கிறது, எதைத் தாண்டலாம் என்று யோசிக்கவைக்கிறது. இந்த இரண்டுக்கும் கட்டணம் தேவையில்லை. (கண்ணைக் கட்டிவிட்டுக் குழந்தைகளைப் படிக்கவைப்பதாகச் சொல்லும் மூளைத் தூண்டல் வகுப்புகளை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. துணிக்கும் மூக்குக்கும் இடையே இருக்கிற இடைவெளி வழியாகக் கீழே பார்க்க எந்தக் குழந்தைக்கும் தெரியும்.)

மின்னும் சொற்கள்

2014இல் ஸ்பிரிட்ஸ் என்ற மென்பொருள் வந்தபோது பெரிய ஆரவாரம். திரையில் ஒரே இடத்தில் சொற்கள் ஒவ்வொன்றாக வந்து போகும், கண் அசைய வேண்டியதே இல்லை. கண்ணசைவுக்கு ஆகும் நேரம் மிச்சம் என்பது வாதம். இதே பாணியில் இப்போது பல ஆப்கள் இருக்கின்றன.

மிச்சமாகும் நேரம் சொற்பம்தான், ஏனென்றால் ஒரு தாவலுக்கு ஆவது நொடியில் நூறில் இரண்டு மூன்று பங்கு. இழப்போ பெரிது. நாம் படிக்கும்போது பத்துக்கு ஒரு தாவலாவது பின்னோக்கிப் போகிறது. விட்டுப்போனதை, தப்பாகப் புரிந்ததைச் சரிபார்க்கத்தான் அது. ஸ்பிரிட்ஸ் வந்த அதே ஆண்டு கலிபோர்னியாவில் எலிசபெத் ஷாட்டர், கீத் ரெய்னர் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். படித்து முடித்த சொல் உடனே எக்ஸ் எழுத்துகளாக மாறிவிடும், திரும்பிப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காது. புரிதல் குறைந்தது. எளிய வாக்கியங்களிலும் குறைந்தது என்பதுதான் முக்கியம்.

செல்போனில் ஒரு சின்னச் செய்தியைப் படிக்க இந்த ஆப் போதும். அரசியலமைப்புச் சட்டத்தின் ஒரு பிரிவையோ தெர்மோடைனமிக்ஸ் பாடத்தையோ இப்படிப் படிக்கப் பார்த்தால் பத்தாவது சொல்லில் கை தானாக நிறுத்தும் பொத்தானுக்குப் போகும்.

படிப்புமுறை

ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஃபிரான்சிஸ் ராபின்சன் 1940களில் வகுத்த ஐந்து படிகள் இன்றும் ஓடுகின்றன: மேலோட்டமாகப் பார், கேள்வி எழுப்பு, படி, மூடிவைத்துச் சொல்லிப் பார், திருப்பிப் பார். நம் சமச்சீர் பாடநூலுக்கு இது நன்றாகப் பொருந்தும். பாடத்தின் தொடக்கத்தில் கற்றல் நோக்கங்கள் இருக்கும், கடைசியில் பாடச்சுருக்கமும் கலைச்சொற்களும் பயிற்சி வினாக்களும் இருக்கும். டிஎன்பிஎஸ்சிக்காக ஆறிலிருந்து பன்னிரண்டு வரை புரட்டுகிறவர்கள் பலர் முதல் வரியில் தொடங்கி அடிக்கோடு போட்டபடி கடைசி வரிவரை போகிறார்கள். அதற்குப் பதிலாகக் கடைசிப் பக்க வினாக்களை முதலில் படித்துவிட்டு உள்ளே போனால், எந்தப் பத்தியில் நிற்க வேண்டும், எதைத் தாண்டலாம் என்பது முன்பே தெரிந்துவிடும்.

இங்கே வேகம் கண்ணுக்குக் கூடுவதில்லை. படிக்க வேண்டிய அளவு குறைகிறது. ஜெஃப் டகன், ஸ்டீபன் பெய்ன் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு வலு சேர்க்கிறது. நேரம் போதாதபோது பாதிவரை வரிவிடாமல் படிப்பதைவிட முழுவதையும் மேய்ந்தவர்களுக்கு முக்கியமான கருத்துகள் கூடுதலாக நினைவில் நின்றன. சின்ன விவரங்களில் அந்த லாபம் கிடைக்கவில்லை. ஆகவே எந்த மாவட்டத்தில் எந்தக் கனிமம் என்று கேட்கும் தேர்வுக்கு மேய்வது ஆகாது.

ஐந்து படிகளில் எதை விட்டாலும் நான்காவதை விடக்கூடாது என்பேன். ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். நம் தேர்வுகள் எதுவும் ஐந்து நிமிடத்தில் நடப்பதில்லை.

இந்த முறையின் குறை: அலுப்பு. ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து படி என்றால் முதல் வாரத்திலேயே பலர் கைவிட்டுவிடுகிறார்கள். வினாக்களை முன்னால் படிப்பது, பிறகு மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பது, இந்த இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதிப் பலன் கைக்கு வந்துவிடும்.

காதில் கேட்டபடி

ஆங்கில ஒலிப்புத்தகங்கள் பொதுவாக நிமிடத்துக்கு 150 சொல் அளவில் வாசிக்கப்படுகின்றன. ஒன்றரை மடங்காக்கினால் 225. சரளமாகப் படிக்கத் தெரிந்தவர் மௌனமாகப் படிக்கும் வேகமும் கிட்டத்தட்ட அதுதான், எனவே அவருக்கு இதில் லாபமில்லை, பேருந்தில் போகும் நேரம் வீணாகாது என்பதைத் தவிர.

ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டித் திணறுகிறவருக்குக் கதை வேறு. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒலியையும் கேட்டால், ஒலி நிற்காமல் போகிறது, கண்ணும் கூடவே போயாக வேண்டும். எந்தச் சொற்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும், எங்கே மூச்சுவிட வேண்டும் என்பதும் தானாகப் படிகிறது. தைவானில் ஆங்கிலம் கற்கும் மாணவர்களிடம் இப்படிச் செய்து பார்த்ததில் வாசிப்பு வேகமும் புரிதலும் சேர்ந்தே ஏறின. இது தனி வழி என்பதைவிட அடுத்துச் சொல்லப்போகிற வழிக்கு நல்ல துணை.

எளிய புத்தகம், நிறையப் புத்தகம்

தமிழ்வழி மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தினமணி தலையங்கத்தைச் சில நிமிடத்தில் முடிப்பார். அதே விஷயத்தைப் பற்றிய ஆங்கிலத் தலையங்கத்துக்கு அரைமணி நேரம் ஆகிறது. கண்கள் இரண்டும் அதே கண்கள். மாறியது மொழி மட்டும்தான். கண்ணுக்குப் பயிற்சி கொடுத்து இவருக்கு ஆகப்போவது எதுவுமில்லை.

சொல்லைப் பார்த்ததும் பொருள் தானாக எழ வேண்டும். அதே சொல்லைப் பல நூறு இடங்களில் சந்தித்தால்தான் அது நடக்கும். இரண்டாம் மொழி வாசிப்பை ஆராய்ந்த பால் நேஷன் போன்றவர்கள் சொல்லும் அளவு இது: துணையில்லாமல் சுகமாகப் படிக்க வேண்டுமானால் நூறில் 98 சொற்கள் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். 250 சொல் உள்ள ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஐந்துக்கு மேல் போகக்கூடாது. ஆங்கிலத் தலையங்கத்தைத் திறந்து அகராதியோடு மல்லுக்கட்டுகிறவருக்கு ஒரு பத்தியிலேயே ஐந்து வந்துவிடும். அது சொல் கற்கும் வேலை. வாசிப்பு வேகம் அதில் வளராது. சைக்கிள் பழகுகிறவர் மேட்டுச் சாலையில் பழகுவதில்லையே.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி ஃபிஜித் தீவில் இருக்கிறது. வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் இருவரும் அங்கே கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் செய்த ஆய்வை 1983இல் வெளியிட்டார்கள். ஆங்கிலம் அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டு மொழி அல்ல. வகுப்புக்கு 250 கதைப்புத்தகங்கள் கொடுத்துப் படிக்கவிட்டார்கள், மற்ற வகுப்புகளில் வழக்கமான பாடம் நடந்தது. எட்டு மாதத்தில் கதைப்புத்தக வகுப்புகளின் வாசிப்புத் திறன் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் வளர்ந்தது.

நமக்குப் புத்தகம் எங்கே கிடைக்கும்? படிநிலை வாசிப்பு நூல்கள் என்றே ஒரு வகை இருக்கிறது. ஆக்ஸ்போர்டு புக்வோர்ம்ஸ் வரிசையில் முதல் நிலை 400 அடிப்படைச் சொற்களுக்குள் எழுதப்பட்டது, ஆறாம் நிலை 2500 சொற்களுக்குள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டு இலவசமாகக் கிடக்கின்றன. பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் முதலில் தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போகலாம். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகள் பிரிவு பெரிது. இருபது வயதில் அங்கே போய் உட்காரக் கூச்சமாக இருக்கும். இந்த வழியில் நான் கண்ட உண்மையான தடை அந்தக் கூச்சம்தான். வேண்டுமானால் தம்பி தங்கைக்கு என்று சொல்லிப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

மெதுவான வழி இது என்பதை ஒளிக்கவில்லை. பலன் தெரிய மாதங்கள் ஆகும், வருடமும் ஆகலாம். கொஞ்சம் விரைவுபடுத்த ஒரு உபாயம் உண்டு: ஒரு பக்கத்தையே மூன்று நான்கு தடவை நேரம் பார்த்துப் படிப்பது. ஜே சாமுவேல்ஸ் 1970களின் இறுதியில் இதைப் பிரபலமாக்கினார். ஒரு பத்தியில் ஏறிய வேகம் அடுத்த புதிய பத்திக்கும் ஓரளவு தொற்றிக்கொள்கிறது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, விஷய அறிவு. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தி ஒன்றைப் பள்ளி மாணவர்களிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் சுமாரான, ஆனால் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாகப் படிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதைத் தெளிவாகப் புரிந்துகொண்டார்கள். நம்மூரில் கிரிக்கெட் வர்ணனையை ஆங்கிலத்தில் சரளமாகப் படித்துவிட்டு, பணவீக்கம் பற்றிய கட்டுரையில் தட்டுத்தடுமாறும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பணவீக்கத்தைத் தமிழில் ஒருமுறை படித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

யாருக்கு எது

முதலில் ஒரு பரிசோதனை. ஒரே விஷயத்தைப் பற்றித் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று கட்டுரைகள் எடுத்து, ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் படியுங்கள். மூடிவைத்துவிட்டுப் படித்ததன் சாரத்தை எழுதுங்கள். சாரம் எழுத வராத வேகத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தமிழில் ஓட்டம், ஆங்கிலத்தில் நடை என்றால் எளிய புத்தகங்களும் கூடவே ஒலியும். கல்லூரி முதலாண்டில் இருப்பவர்கள் தினம் அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும், மூன்றாமாண்டு வருவதற்குள் பாடப்புத்தகம் இவ்வளவு பயமுறுத்தாது. இரண்டு மொழியிலும் அந்த விஷயத்தில் மட்டும் தடுமாற்றம் என்றால் விஷய அறிவுதான் குறை, அதைத் தமிழிலேயே நிரப்புங்கள். எதைப் படித்தாலும் இரண்டு பத்தியில் கை செல்போனுக்குப் போகிறது என்றால் அதற்கு வாசிப்பு முறை எதுவும் மருந்தாகாது. போனை அடுத்த அறையில் வையுங்கள்.

குடிமைப் பணித் தேர்வு எழுதுகிறவர்கள் நிலை சற்றுச் சிக்கலானது. மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம். முதல்நிலைத் தேர்வு வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். இரண்டாம் தாளான சிசாட்டில் 120 நிமிடத்துக்கு 80 கேள்விகள், கேள்விக்கு ஒன்றரை நிமிடம், அதற்குள் பத்தியையும் படிக்க வேண்டும். நல்லவேளையாக 33 சதவீதம் எடுத்தால் போதும். தேர்வு ஒரு வருடம் தள்ளி இருந்தால் எளிய வாசிப்பில் தொடங்கித் தலையங்கத்துக்கு ஏறலாம். மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் அதற்கு நேரமில்லை. பழைய வினாத்தாள் பத்திகளை எடுத்து, கேள்வியை முதலில் படித்து, நேரம் வைத்துப் பழகுவதுதான் வழி. டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வு வினாத்தாளில் தமிழும் இருக்கும். அங்கே 200 கேள்விக்கு மூன்று மணி நேரம், வேகத்தைவிட நினைவே சோதிக்கப்படுகிறது. அவர்கள் மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பதற்கு ஒதுக்கும் நேரத்தைக் கூட்டினாலே போதும்.

நாற்பதைத் தாண்டி, 'முன்னைப்போலப் படிக்க முடியவில்லை, பத்து நிமிடத்தில் தலைவலிக்கிறது' என்று சொல்லி இந்த வகுப்புகளை விசாரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கண் பரிசோதனைக்குப் போகட்டும். வெள்ளெழுத்து வருகிற வயது அது. பரிசோதனையில் அதுதான் என்று தெரிந்தால் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் வேகம் போதவில்லை என்றால் மேலே சொன்னவற்றுக்கு வரலாம்.